பூனை இளைக்கிறதா? தீனித் தட்டிலிருந்து தேடத் தொடங்குங்கள்

பூனை இளைத்தது கண்ணுக்குத் தெரியும்போது அது ஏற்கெனவே நிறைய இளைத்திருக்கும். ரோமம் மறைத்துவிடும். பின்னங்கால்களுக்கு நடுவே தொங்கும் தோல்பை நடக்கும்போது ஆடும். அதைத் தொப்பை என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடுவோம். 4 கிலோ பூனையில் 400 கிராம் குறைவது, 60 கிலோ ஆள் 6 கிலோ இளைத்த மாதிரி. நீங்களாகத் தீனியைக் குறைக்காதபோது 5 சதவீதம், அதாவது 4 கிலோவில் 200 கிராம் இறங்கினாலே காரணம் தேட வேண்டும். 'வயசாயிடுச்சு, அதான்' என்று விட்டுவிடாதீர்கள். பத்து வயதுக்கு மேல் இளைக்கும் பூனைகளிடம் அடிக்கடி காண்பது தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரை, குடல், பல். இவற்றில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. சீக்கிரம் பிடித்தால் பல பூனைகள் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன.

தேடும் வழி மூன்றாகப் பிரியும்: நன்றாகத் தின்றும் இளைக்கிறதா, தின்ன ஆசைப்பட்டும் முடியாமல் இளைக்கிறதா, ஆசையே இல்லாமல் இளைக்கிறதா. எந்த வழி என்று தெரியாமல் போனால் டாக்டரும் இருட்டில்தான் தேட வேண்டியிருக்கும். அதை வீட்டில் இருக்கும் நீங்கள்தான் சொல்ல முடியும்.

உடனே கிளம்ப வேண்டிய நிலை

24 மணி நேரம் ஒன்றுமே தின்னவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருக்கிறது. ஆண் பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை. பின்னங்கால் திடீரென இழுத்துக்கொண்டது. குட்டி இரண்டு வேளை பால் குடிக்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் மீதியைப் பிறகு படிக்கலாம், பூனையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். எக்காரணத்துக்கும் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

எடையை அளப்பது

நாம் ஏறி நிற்கும் எடை மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தூக்காமல் ஒருமுறை நின்று கழித்துப் பார்ப்பது பலரும் செய்வது. அந்த மெஷின் 100 கிராம் கணக்கில்தான் காட்டும். இரண்டு முறை நின்றால் பிழையும் இரண்டு மடங்கு. நாம் தேடும் 200 கிராம் அதற்குள்ளேயே தொலைந்துவிடும். குழந்தைகளை எடை போடும் டிஜிட்டல் தராசு, அல்லது பயணப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு, 5 அல்லது 10 கிராம் வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். பூனையைத் துணிப்பையிலோ கூடையிலோ வைத்துத் தொங்கவிட்டு, பையின் எடையைக் கழித்துவிடலாம். குட்டிகளுக்குச் சமையலறைத் தராசே போதும்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலைத் தீனிக்கு முன். மலம், சிறுநீர், குடித்த தண்ணீர் ஆகியவற்றால் 50 முதல் 100 கிராம் வரை ஏறி இறங்குவது சாதாரணம். மூன்று வாரம் ஒரே திசையில் இறங்கினால்தான் பேச்சு.

கையாலும் பாருங்கள். முஷ்டியை மடக்கி விரல் கணுக்களைத் தடவிப் பாருங்கள். விலா எலும்பு அப்படித் துருத்தினால் ஒல்லி. கையை விரித்துப் புறங்கையைத் தடவும்போது எலும்பு எப்படி மெல்லிய தோலுக்குக் கீழே படுகிறதோ, விலா அப்படி இருந்தால் சரியான உடம்பு. பிறகு முதுகெலும்பின் இரு பக்கமும், தோள்பட்டை மேலும் விரலை ஓட்டுங்கள். வயிற்றில் கொழுப்பு அப்படியே இருக்க, முதுகுத்தசை மட்டும் கரைந்து முதுகெலும்பு வரப்பு மாதிரி எழும்பி நிற்கும் பூனைகள் உண்டு. சிறுநீரக நோயிலும் தைராய்டிலும் தசைதான் அதிகம் கரையும்.

தின்ற அளவு

தட்டு காலியாவது பூனை தின்றதற்குச் சாட்சி ஆகாது. இன்னொரு பூனை தின்றிருக்கலாம், ஜன்னல் வழியாகத் தெருப்பூனை வந்திருக்கலாம், காக்கை கொத்தியிருக்கலாம். காலையில் டிரை ஃபுட்டை எடை போட்டு வையுங்கள், மறுநாள் காலை மிச்சத்தை எடை போடுங்கள். வீட்டில் இரண்டு மூன்று பூனை இருந்தால் தனித்தனி அறையில், வேளைக்கு 20 நிமிடம், கதவை மூடி வையுங்கள். ஐந்து நாள் குறித்தாலே கணக்கு தெளிவாகிவிடும்.

கருத்தடை செய்த 4 கிலோ வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 240 கிலோகலோரி வேண்டும். டிரை ஃபுட் 100 கிராமில் 350 முதல் 400 வரை இருக்கும். அப்படியென்றால் ஏறக்குறைய 60 கிராம். கிரேவி பவுச்சில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். 85 கிராம் பவுச் பெரும்பாலும் 60 முதல் 80 கிலோகலோரிதான் தரும். பவுச் மட்டும் கொடுத்தால் நாளைக்கு மூன்றுக்குக் குறையாமல் வேண்டும். ஒரு பவுச்சும் கொஞ்சம் தயிர்சாதமும் கொடுத்து 'நல்லாத்தான் சாப்பிடுது' என்று சொல்லும் வீடுகளில் பூனை இளைப்பதற்கு வேறு நோய் தேட வேண்டியதில்லை. புதுத் தீனிக்கு மாற்றிய பிறகு இளைக்க ஆரம்பித்திருந்தால் இரண்டு பாக்கெட்டிலும் கலோரியைப் படித்துப் பாருங்கள்.

மீன்குழம்பு பிசைந்த சோறு வயிற்றை நிரப்பும், தசையை வளர்க்காது. பூனைக்கு டாரின் என்ற சத்து வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இதயமும் கண்ணும் கெடும். குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சை மத்தியும் நெத்திலியும் தொடர்ந்து கொடுத்தால் அவற்றில் உள்ள ஒரு நொதி தயமின் என்ற பி1 வைட்டமினை அழித்துவிடும். பூனை முதலில் தீனியை மறுக்கும், பிறகு தலை தொங்கிவிடும், தள்ளாடும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள்.

நன்றாகத் தின்கிறது, ஆனாலும் இளைக்கிறது

ஒரு வயதுக்குள் என்றால் முதலில் புழு. குடல் உருண்டைப் புழு இருந்தால் வயிறு பானை மாதிரி, முதுகு எலும்பும் தோலுமாக இருக்கும். நாடாப்புழுவின் துண்டுகள் ஆசனவாயைச் சுற்றியும் படுக்கும் துணியிலும் அரிசிமணி மாதிரி ஒட்டியிருக்கும். புதிதாக இருக்கும்போது மெல்ல நெளியும், காய்ந்தால் எள் மாதிரி ஆகிவிடும். அதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. பிராசிகுவான்டல், கிலோவுக்கு 5 மி.கி., நாடாப்புழுவைத் தீர்க்கும். ஆனால் தெள்ளுப்பூச்சியை ஒழிக்காவிட்டால் ஒரு மாதத்திலேயே திரும்பி வரும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைமேல் விடக்கூடாது, வலிப்பு வந்து செத்துவிடும். புழு மருந்தை எடை போட்ட பிறகே கொடுங்கள். குத்துமதிப்பாக அரை மாத்திரை கொடுப்பதால்தான் பல வீடுகளில் மருந்து வேலை செய்வதில்லை. பல்லியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கு ஈரல் தட்டைப்புழு வரலாம். வெப்ப நாடுகளில் இது உண்டு. ஈறு மஞ்சளாகிச் சோர்ந்து இளைக்கும். வழக்கமான புழு மருந்து அளவு அதற்குப் போதாது, டாக்டரிடம் பல்லி விஷயத்தைச் சொல்லுங்கள்.

எட்டு பத்து வயதுக்கு மேல், பசி முன்பைவிடக் கூடியிருந்தால், தைராய்டு சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்வதை நினையுங்கள். இந்தப் பூனையைப் பார்த்தால் நோயாளி என்றே தோன்றாது. அடுப்பங்கரையில் ஏறித் திருடும், நடுராத்திரி கூடத்தில் நின்று ஓலமிடும், குட்டிபோல் ஓடும். 'பத்து வயசிலும் என்ன சுறுசுறுப்பு' என்று வீட்டார் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 220க்கு மேல் அடித்துக்கொண்டிருக்கும். ரோமம் சிக்குப்பிடித்துக் கிடக்கும். கேட்க வேண்டிய பரிசோதனை மொத்த டி4, அதாவது ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனின் அளவு. மனிதர்களுக்கான டி.எஸ்.எச் பரிசோதனை பூனையின் ஹார்மோனைக் காட்டாது, அதற்குப் பணம் கட்டாதீர்கள். நோயின் தொடக்கத்திலும், கூடவே வேறு நோய் இருக்கும்போதும், டி4 சரியாக இருப்பதுபோலக் காட்டலாம். அறிகுறி அழுத்தமாக இருந்தால் நான்கைந்து வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள்.

மருந்து மெத்திமசோல் அல்லது கார்பிமசோல். மனிதருக்கான அதே மருந்துதான், அளவுதான் வேறு. அதை டாக்டர் சொல்ல வேண்டும். தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் ரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். வாந்தி, முகத்தை ரத்தம் வரச் சொறிவது, இரண்டும் இந்த மருந்தால் வரக்கூடியவை. வந்தால் அன்றே சொல்லுங்கள். கர்ப்பிணிகள் இந்த மாத்திரையைக் கையால் உடைக்கக் கூடாது. இன்னொரு சிக்கல்: வேகமான ரத்த ஓட்டம் பழுதான சிறுநீரகத்தையும் நன்றாக இருப்பதுபோலக் காட்டிக்கொண்டிருக்கும். தைராய்டு அடங்கியதும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும். மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். மருந்து செய்தது மறைந்திருந்ததை வெளியே காட்டியதுதான்; டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

பசியோடு தாகமும் கூடியிருந்தால் சர்க்கரை. கட்டியாகும் மணல் போடுபவர்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது எளிது: எலுமிச்சம்பழ அளவில் விழுந்த சிறுநீர்க் கட்டிகள் சாத்துக்குடி அளவுக்குப் பெருகியிருக்கும். தரையில் போன இடத்தில் எறும்பு மொய்த்தாலும் சந்தேகப்படுங்கள். முற்றிய பூனை பின்னங்கால் விரல்களில் நிற்காமல், குதிகாலைத் தரையில் பதித்து, முயல் உட்கார்ந்து எழுவதுபோல நடக்கும். கிளினிக்கில் பயத்திலேயே பூனையின் ரத்தச் சர்க்கரை 300 மி.கி. வரைகூட ஏறிவிடும். அதனால் ஒரே ஒரு குளுக்கோஸ் எண்ணை வைத்து இன்சுலின் தொடங்கக் கூடாது. கடந்த ஓரிரு வாரச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஃபிரக்டோசமின் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது வீட்டில் பிடித்த சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சொறிக்கோ ஈறுக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்ட பிறகு இது வந்திருக்கலாம். எப்போது போட்டது என்ற தேதி முக்கியம். சீக்கிரம் இன்சுலின் தொடங்கி, மாவுச்சத்து குறைந்த ஈரத் தீனிக்கு மாறினால் சில பூனைகளுக்குப் பிறகு இன்சுலினே வேண்டாமல் போகிறது. ஊசி போட்ட பூனை தள்ளாடினால் தேன் அல்லது குளுக்கோஸை ஈறில் தடவிவிட்டு ஓடுங்கள்.

தட்டுக்கு வருகிறது, திரும்பிப் போகிறது

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை முழுக்கப் பாருங்கள். ஒரு உருண்டையை வாயில் எடுக்கிறது, கடிக்கிறது, தலையை ஒரு பக்கம் சாய்த்து உதறுகிறது, சீறிவிட்டுப் பின்னால் ஓடுகிறது, பத்து நிமிடத்தில் மறுபடி வருகிறது. இது வாய்வலி. பூனைப் பல்லில் ஈறோரத்தில் குழி விழுந்து கரையும் நோய் ஒன்று உண்டு. மேலே ஈறு சதை வளர்ந்து மூடியிருப்பதால் சும்மா பார்த்தால் சிவப்புப் புள்ளி மாதிரிதான் தெரியும். அதைத் தொட்டால் மயக்கத்தில் இருக்கும்போதுகூடத் தாடை நடுங்கும். சில பூனைகள் மெல்லாமல் முழுசாக விழுங்கப் பழகிவிடும், அதனால் தின்கிறது என்று நாம் ஏமாந்துவிடுவோம். எச்சில் வடிதல், துர்நாற்றம், தன்னை நக்கிச் சுத்தம் செய்யாததால் அழுக்கேறிய முதுகு, இவையும் சேர்ந்து வரும். ஆன்டிபயாட்டிக் இரண்டு வாரம் தணிக்கும், தீர்க்காது. எக்ஸ்ரே எடுத்துப் பல்லைப் பிடுங்க வேண்டும். தொண்டை வரை சிவந்து புண்ணான பூனைக்குக் கடைவாய்ப் பற்கள் முழுவதையும் எடுக்க வேண்டிவரலாம். பல்லில்லாத பூனை டிரை ஃபுட்டையே தின்னும், அதற்காகத் தயங்க வேண்டாம்.

வாய் நன்றாக இருந்தால் மூக்கைப் பாருங்கள். வாசனை தெரியாத பூனை தின்னாது. சளி அடைத்திருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்து, ஈரத் தீனியை உடம்புச் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரிக்கு இளஞ்சூடாக்கி வையுங்கள். முகர்ந்துவிட்டு உதட்டை நக்கி, எச்சில் விழுங்கி, முகத்தைத் திருப்பினால் அது குமட்டல். காரணம் சிறுநீரகத்திலோ குடலிலோ ஈரலிலோ இருக்கும்.

உடம்பில் கோளாறு இல்லாமலும் இப்படி நடக்கும். தட்டில் எறும்பு ஏறினால் பல பூனைகள் அந்த வேளையையே விட்டுவிடும்; தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டின் நடுவில் தீனித் தட்டை வையுங்கள். மழைக்காலத்தில் திறந்து கிடக்கும் பாக்கெட்டின் கொழுப்பு காறிவிடும். நம் மூக்குக்குத் தெரியாது, அதன் மூக்குக்குத் தெரியும். மணல் பெட்டிக்குப் பக்கத்தில் தட்டு வைப்பதும், வீட்டில் பலசாலிப் பூனை வழியை மறித்துப் படுப்பதும் இப்படித்தான்.

நிறையத் தண்ணீர் குடிக்கிறது, பசி குறைகிறது

அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தைக் கழித்துப் பாருங்கள். 4 கிலோ பூனை தொடர்ந்து நாளைக்கு 200 மி.லி.க்கு மேல் குடித்தால் பரிசோதிக்க வேண்டும். ஈரத் தீனி தின்னும் பூனையானால் அதைவிடக் குறைவாகக் குடித்தாலே. வயதான பூனைகளில் இதற்கு முதல் சந்தேகம் நாள்பட்ட சிறுநீரக நோய். நோய் கண்டுபிடிப்பதற்கு வெகு முன்பே எடை இறங்கத் தொடங்கியிருக்கும்.

கிரியேட்டினின் 1.6 மி.கி.க்கு மேல் என்றால் கவனம் தேவை. ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்த பூனையில் அது பொய்யாகக் குறைவாகக் காட்டும். எலும்பும் தோலுமான பூனைக்கு 'கிரியேட்டினின் நார்மல்' என்று எழுதித் தந்தால் திருப்தியடையாமல் எஸ்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் சிறுநீரின் அடர்த்தியும் கேளுங்கள். எஸ்.டி.எம்.ஏ. 14க்கு மேலும் அடர்த்தி 1.035க்குக் கீழும் தொடர்ந்து இருந்தால் சிறுநீரகம் தளர்கிறது. ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். கவனிக்காவிட்டால் கண் திடீரெனப் போய்விடும்.

சிறுநீரக நோய்ப் பூனைக்கான தீனிக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். குமட்டல் இருக்கும் நாளில் ஆரம்பித்தால் அந்தத் தீனியையே வாழ்நாளுக்கும் வெறுத்துவிடும். எவ்வளவு முயன்றும் தொடவில்லையென்றால் பழைய தீனியையே கொடுங்கள், தீனியில் உள்ள பாஸ்பரஸை உடம்பில் சேரவிடாமல் கட்டும் மருந்தை டாக்டரிடம் கேளுங்கள். சிறந்த தீனியைத் தட்டில் வைத்துவிட்டுப் பட்டினி கிடப்பதைவிட, சுமாரான தீனியைத் தின்னும் பூனைதான் அதிக நாள் இருக்கும்.

வாரா வாரம் வாந்தி, அல்லது தளர்ந்த மலம்

முடிக்கட்டி என்று இதை ஒதுக்குவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. எப்போதாவது முடி வருவது சரி. வாரம் ஒருமுறைக்கு மேல் வாந்தியும் எடைக் குறைவும் சேர்ந்தால் குடல் அழற்சியோ, மெல்ல வளரும் லிம்போமா என்ற குடல் புற்றுநோயோ இருக்கலாம். இரண்டும் ஸ்கேனில் ஒன்றுபோலவே தெரியும். பிரித்துச் சொல்ல குடல் சதைத் துணுக்கு வேண்டும். அதற்கு முன் இரண்டு எளிய வேலை இருக்கிறது: இதுவரை தின்னாத ஒரே ஒரு வகைப் புரதம் கொண்ட தீனியை மட்டும் சில வாரம் கொடுத்துப் பார்ப்பது, ரத்தத்தில் பி12 பார்ப்பது. பி12 குறைந்த பூனைக்கு மற்ற மருந்து எதுவும் சரியாக வேலை செய்யாது. ஊசி வழக்கமாக 250 மைக்ரோகிராம், வாரம் ஒன்றாக ஆறு வாரம். மெல்ல வளரும் லிம்போமாகூட மாத்திரையால் வருடக்கணக்கில் கட்டுப்படும். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் கைவிட வேண்டாம். பால் குடித்து வயிறு போகும் பூனைக்குப் பாலை நிறுத்துவதே மருந்து.

வயிறு பெருக்கிறது, முதுகு தேய்கிறது

இரண்டு வயதுக்குள், ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத காய்ச்சல், வயிற்றில் நீர்: பூனைக் கொரோனா வைரஸால் வரும் எஃப்.ஐ.பி. என்ற நோயாக இருக்கலாம். வயிற்று நீர் வைக்கோல் மஞ்சளாக, விரலில் தொட்டு இழுத்தால் பிசினாக நூல் விடும். ரத்தத்தில் ஆல்புமின், குளோபுலின் என்ற இரு புரதங்களின் விகிதம் பெரும்பாலும் 0.4க்குக் கீழ் இறங்கியிருக்கும். சில வருடங்களுக்கு முன்பு வரை இது மரண அறிவிப்பு. இப்போது ஜி.எஸ்-441524 என்ற மருந்து இருக்கிறது, வழக்கமாக 84 நாள். பூனை எடை ஏற ஏற மருந்து அளவையும் ஏற்ற வேண்டும். வாரா வாரம் எடை போடாமல் பழைய அளவையே தொடர்ந்தால் நோய் திரும்பும்.

டாக்டரிடம் என்ன கேட்பது

எடைக் குறிப்பு, ஐந்து நாள் தீனிக் கணக்கு, சாப்பிடும்போது போனில் எடுத்த வீடியோ, புதிய மலம் ஒரு டப்பாவில்: இவற்றை எடுத்துப் போங்கள். முதல் சுற்றில் கேட்க வேண்டிய பரிசோதனைகள்: முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம், ஈரல், சர்க்கரை, புரதம், சிறுநீர். ஏழு வயதுக்கு மேல் டி4. வெளியே சுற்றும் பூனைக்கு எஃப்.ஐ.வி. (எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்), எஃப்.இ.எல்.வி. (ரத்தப் புற்று வைரஸ்) கிட் பரிசோதனை. ஸ்கேனும் பல் எக்ஸ்ரேவும் பக்கத்தில் கிடைக்காதவர்கள் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் என்ன வசதி இருக்கிறது என்று விசாரித்துப் போகலாம்.

தட்டுப் பக்கமே வரவில்லை

பூனை பட்டினி தாங்காது. குண்டுப் பூனை அதிலும் தாங்காது: இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டால் உடம்புக் கொழுப்பு மொத்தமாக ஈரலுக்கு வந்து தேங்கி, காது உட்புறமும் ஈறும் மஞ்சளாகும். முதல் நோய் எதுவாக இருந்தாலும் இப்போது உயிரை எடுப்பது இந்த ஈரல் கொழுப்புதான். 'பசிச்சா தானா திங்கும்' என்று காத்திருப்பதால் நல்ல பூனைகளை இழக்கிறோம்.

வாயில் சிரிஞ்சால் திணிக்காதீர்கள். குமட்டும் பூனைக்குத் திணித்தால் நுரையீரலுக்குள் போகும், தீனியின் மேல் வெறுப்பும் வரும். வாந்தி அடக்கும் மருந்து முதலில், பிறகு பசி தூண்டும் மிர்டசபின். மனிதர் மாத்திரை 7.5 மி.கி., பூனைக்கு அதில் கால் பங்குதான், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை டாக்டர் சொல்வார். அளவு கூடினால் விடாமல் கத்தும், நடுங்கும். அதிலும் தின்னவில்லையென்றால் கழுத்து வழியாக உணவுக்குழாய்க்கு ஒரு டியூப் வைப்பார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும். பூனை அதைக் கண்டுகொள்ளாமல் மடியில் படுத்துக்கொள்ளும். முதல் நாள் அதன் தேவையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், மூன்று நான்கு நாளில் முழு அளவு. பட்டினி கிடந்த உடம்புக்கு முதல் நாளே நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென விழுந்து உயிருக்கு ஆபத்தாகும். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் 5 மி.லி. தண்ணீர் விட்டு டியூபைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். டியூப் இருக்கும்போதே தட்டில் கொஞ்சம் தீனி வைத்திருங்கள். அது வாயாலும் தின்னலாம். தானாகத் தின்று, டியூப் வழியே எதுவும் கொடுக்காமல், ஒரு வாரம் எடை இறங்காமல் நின்றால் டியூபை எடுத்துவிடுவார்கள்.